ராணி வருதா

ஆனி பிறந்துவிட்டால் என் போனுக்கு ஒரே கேள்விதான் வரும். "தண்ணி விழுதா?" கூடப் படித்தவர்கள், பழைய ஆபீஸ்காரர்கள், ஏதோ ஒரு கல்யாணத்தில் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள், எல்லாருக்கும் திடீரென்று என்மேல் பாசம் பொங்கிவிடும். நல்லா இருக்கியா, சாப்பிட்டியா, ஒன்றும் கிடையாது. தண்ணி விழுதா? நான் என்னவோ ஐந்தருவிக்கு மேலே உட்கார்ந்து வால்வு திறந்துவிடுகிற ஆள் மாதிரி.

இன்று காலையும் அப்படி ஒன்று வந்தது. அப்போது நான் நாள்கணக்காய்க் காயாத ஒரு சுடிதாரை இஸ்திரிப் பெட்டியை வைத்தே காய வைத்துக்கொண்டிருந்தேன். பாதி ஈரத் துணியில் சூடு பட்டதும் ஒரு வாடை கிளம்புமே, சோறு வடிக்கிற ஆவியில் சோப்பைக் கரைத்த மாதிரி, சீசன் மாதங்களில் தென்காசியில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அதுதான். வெளியூர்க்காரர்களுக்கு அது சாரல். எங்களுக்குத் துணி காயாது, அவ்வளவுதான்.

அந்த வாடையும் "விழுதா" என்கிற சொல்லும் சேர்ந்தாற்போல் வந்ததுதான் வினை. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒரே ஒரு "தா"வுக்காக ஒரு ராஜ்யத்தை விட்டே துரத்தப்பட்டவள் நான். சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

பிளஸ் டூ முடித்துவிட்டுக் கல்லூரி திறக்கக் காத்திருந்த காலம். என்னோடு படித்த ஜன்னத்துக்கு யானைப்பாலம் பக்கம் வீடு. அவள் வாப்பா சவூதியிலிருந்து ஒரு லேப்டாப் அனுப்பியிருந்தார், படிப்புக்கென்று. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "ஏட்டி, நான் இப்ப ராணி, தெரியுமா?" என்றாள்.

"எந்த ஊருக்கு?"

"இங்கன வா, காட்டுதேன்."

இணையத்தில் வாராவாரம் ஒரு சரித்திரக் கற்பனைத் தொடர் வந்துகொண்டிருந்தது. மலைக் கணவாயில் ஒரு கோட்டை, அதைப் பறிகொடுத்துவிட்டுக் கடல் தாண்டிப் போன ஒரு ராணி, கோட்டைக்காக ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளும் சிற்றரசர்கள். எழுதியவர், ராணி திரும்பி வருவதற்காகக் கப்பல் ஏறுகிற கட்டத்தில் நிறுத்தினார். நிறுத்தினவர் நிறுத்தினவர்தான். கல்யாணமாகிவிட்டது என்றார்கள், கனடா போய்விட்டார் என்றார்கள். காத்திருந்து அலுத்துப்போன வாசகர்கள் தாங்களே ஒரு ஃபோரம் தொடங்கி, ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு மீதிக் கதையை நடத்த ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் தளபதி, ஒருவர் ஒற்றன், ஒருவர் கோட்டைக் காவலன். உங்கள் பாத்திரம் என்ன செய்தது, என்ன சொன்னது என்று ஒரு பத்தி எழுதிப் போட வேண்டும். அதைப் படித்துவிட்டு அடுத்தவர் தன் பத்தியைப் போடுவார். அது இன்றைக்கும் வரலாம், நாளைக்கழித்தும் வரலாம். அதுவரை உங்கள் ஆள் வாளை ஓங்கியபடியே நிற்பான். ரோல் பிளே, சுருக்கமாக ஆர்.பி. என்பார்கள். பழைய ராணி நீட் கோச்சிங்கில் சேர்ந்துவிட்டதால் அந்த இடம் ஜன்னத்துக்குக் கிடைத்திருந்தது.

நானும் சேர்ந்தேன். புதிதாக வருகிறவர்கள் சின்னப் பாத்திரம் ஒன்றைத் தாங்களே உண்டாக்கி, தளத்தைக் கட்டி மேய்க்கிற மாடரேட்டரிடம் அனுமதி வாங்க வேண்டும். மாடரேட்டர் தன்னைப் "பேரமைச்சர்" என்று வைத்துக்கொண்டிருந்தார். சென்னைக்காரர் என்பது தவிர அவரைப் பற்றி ஒன்றும் தெரியாது. எழுதுகிற தோரணையைப் பார்த்து, வெள்ளை மீசை வைத்த ரிட்டயர்டு தமிழாசிரியர் என்று நினைத்திருந்தேன். கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கிற பையன் என்று பிற்பாடுதான் தெரிந்தது. என் பாத்திரத்துக்குப் பேச்சி என்று பெயர் வைத்தேன். கோட்டைக்கு மேலே பாறையில் நின்று, பாதையில் யார் வருகிறார்கள் என்று பார்த்துக் கீழே சேதி சொல்கிற மலைக்காரி. "இது சரித்திரப் பெயர்போல் ஒலிக்கவில்லையே" என்று பேரமைச்சர் ஐயம் எழுப்பினார். "உங்கள் ராணி பிறப்பதற்கு முன்னாலேயே எங்கள் ஊரில் பேச்சியம்மன் கோயில் இருந்திருக்கும்" என்று பதில் போட்டேன். அனுமதித்தார். அன்றைக்கே அவருக்கு என்னைப் பிடிக்காமல் போயிருக்க வேண்டும்.

முதல் பதிவிலேயே பேச்சி ஒரு பாறாங்கல்லை உருட்டி எதிரித் தளபதியைக் கொன்றுவிட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் பார்த்தால், மதுரைக்காரர் ஒருவர் கொந்தளித்திருக்கிறார். அந்தத் தளபதியை அவர் வருடக்கணக்கில் வளர்த்து வந்தாராம். "என் தளபதியைக் கொல்ல நீங்கள் யார்?" ஜன்னத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, கல்ல நீ உருட்டலாம். அது அவன் மேல விழுந்துச்சா இல்லையான்னு அவன்தான் சொல்லணும். ஒன் ஆள மட்டுந்தான் நீ ஆட்டணும். அடுத்தவன் ஆளத் தொடப்பிடாது."

இந்த ஆட்டத்தின் முதல் சட்டம் அது. இரண்டாவது, போட்ட பதிவை, அதற்கு ஒருவர் பதில் எழுதிவிட்ட பிறகு மாற்றக் கூடாது. நடந்தது நடந்ததுதான். இந்த இரண்டையும் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் இதை விளக்குவதுதான் பெரும்பாடு. "என்னட்டி எந்நேரமும் போனுக்குள்ளயே கெடக்க?" என்பாள் அம்மா.

"மலையில காவலுக்கு நிக்கேம்மா."

"மொதல்ல மாடியில கெடக்க துணிக்குக் காவல் நில்லு. தூறுது."

ஆரம்பத்தில் பேச்சியும் மற்றவர்கள் மாதிரிதான் பேசினாள். "வீரர்காள்! அதோ காணுங்கள், குதிரைகளின் குளம்படிப் புழுதி!" என்றெல்லாம் எழுதினேன். எழுதிவிட்டு நானே படித்தால் எனக்கே கூச்சமாக இருக்கும். ஜன்னத் கூசாமல் சொல்லிவிட்டாள். "ஆண்டு விழா நாடகத்துல அட்டைக் கிரீடம் வச்சுட்டு நிக்க மாதிரி இருக்குட்டி." அந்த ரோஷத்தில்தான் அடுத்த பதிவில் பேச்சியை அவள் வாய்ப்படி பேசவிட்டேன். "ஏலே காவக்காரா, தூங்குதியா? அங்கன பாரு, நாலு பேரு வருதானுவ." எழுதி முடித்ததும் ஒருமுறை சத்தமாகப் படித்துப் பார்த்தேன். அச்சிலோ திரையிலோ நான் பேசுகிற தமிழை நானே எழுதிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டி என்று எத்தனையோ பரிசு வாங்கியிருக்கிறேன். அவற்றில் ஒரு வரிகூட நான் பேசியது கிடையாது.

பலருக்கும் பேச்சியைப் பிடித்துவிட்டது. பேச்சி எப்போது கத்துவாள் என்று கேட்டு எழுதினார்கள். பேரமைச்சர் மட்டும் என் பதிவுகளுக்குக் கீழே "மொழியில் கவனம்" என்று ஒற்றை வரி போட்டுவிட்டுப் போவார். அவர் கதையில் ஆனி மாதத்தில் கிழக்கேயிருந்து காற்று அடிக்கும். எங்கள் தென்காசிக் கோயில் வாசலில் ஒரு நிமிஷம் நின்றால் காற்று எந்தப் பக்கமிருந்து வந்து பாவாடையைச் சுருட்டுகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். நான் அதற்கெல்லாம் "கவனம்" போடவில்லை.

அப்புறம் அந்த நாள் வந்தது.

ராணி மாறுவேடத்தில் திரும்பி வருகிறாள். எதிரிப் படை பின்னாலேயே துரத்துகிறது. படையை நடத்துவது பேரமைச்சர். ராணி கோட்டைக்குள் நுழைந்துவிட்டால் பிழைத்தாள். பிடிபட்டால் சிறை, சிறைப்பட்ட பாத்திரத்தை ஜன்னத்திடமிருந்து எடுத்து வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள், அது தளத்தின் விதி. ராணி வருகிற விஷயம் கோட்டைக்குள் யாருக்கும் தெரியாது. பாறைமேல் நிற்கிற பேச்சி ஒருத்திதான் அவளை அடையாளம் கண்டுகொள்கிறாள். அந்தப் பதிவை நான் எப்படியெல்லாம் செதுக்கினேன் தெரியுமா? மேகம் இறங்குகிறது, பாறை நனைகிறது, பேச்சி கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்க்கிறாள், மூச்சை இழுத்துக் கீழே பார்த்துக் கத்துகிறாள்: "ராணி வருதா!"

அதோடு நிறுத்தினேன். அடுத்தவருக்கு விட்டுவைப்பதுதான் கலை என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

கோட்டைக் காவலன் பூதலனை நடத்தியது கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன். மறுநாள் காலை அவன் பதிவு வந்திருந்தது. "பூதலன் மீசையை முறுக்கினான். 'ராணி எப்படி வருவாள்? கடலுக்கு அப்பால் அல்லவா இருக்கிறாள்! மலைக்காரிக்குத் தினமும் இதே கேள்வி!' என்று நகைத்துவிட்டு, பொழுது சாய்ந்ததால் கதவுக்குக் குறுக்குமரம் போடச் சொன்னான்."

நான் திரும்பத் திரும்பப் படித்தேன். கேள்வியா? எது கேள்வி? அதற்குள் ஜன்னத் போனில் கூப்பிட்டுவிட்டாள்.

"ஏட்டி, கதவ அடச்சுட்டான் பாத்தியா!"

"நான் வருதான்னுதானட்டி சொன்னேன்!"

"அவன் 'வருதா?'ன்னு நீ கேக்கன்னு நெனச்சிருக்கான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மற்ற ஊர்க்காரர்களுக்கு "வருதா" என்றால் "அது வருகிறதா?" எங்களுக்கு அவன் வருதான், அவள் வருதா, மாடு வருது. மூன்றும் சேதி. கேட்க வேண்டுமென்றால் "வருதாளா" என்று கேட்போம். தண்ணிக்கு விழுதா என்றால் கேள்வி, ராணிக்கு வருதா என்றால் சேதி. பிறந்ததிலிருந்து இதில் யாரும் இங்கே குழம்பி நான் பார்த்ததில்லை.

மத்தியானம் பேரமைச்சரின் தீர்ப்பு வந்தது. பேச்சியின் பதிவில் இரண்டு பிழைகளாம். ஒன்று, மகாராணியை அஃறிணையாகச் சுட்டியது. இரண்டு, சேதியைக் கேள்வியாகச் சொல்லிக் காவலனைக் குழப்பியது. "'மகாராணியார் வருகிறார்' என்று திருத்தி, 'பிழைக்கு வருந்துகிறேன்' என ஒரு வரி சேர்த்தால், சிறப்பு அனுமதியாகப் பூதலனின் பதிவு நீக்கப்பட்டுக் கதவு திறக்கப்படும். இனி அனைவரும் பொதுத்தமிழில் மட்டுமே எழுத வேண்டும். மறுத்தால், பதிவானது பதிவானதே."

அஃறிணையாம்! அம்மனுக்குச் சாமியாடுகிற இடத்தில்கூட "ஆத்தா வருதா" என்றுதான் சொல்வோம். அது அஃறிணையா? நீளமாக எழுதிப் போட்டேன். வருதான், வருதா, வருது என்று இலக்கணப் புத்தகம் மாதிரி அடுக்கினேன். அவர் ஒரே வரியில் கேட்டார். "இப்படி ஒரு வழக்கு இருப்பதற்குச் சான்று உண்டா?"

சான்றுதானே? வீட்டுக் கூடத்தில் நாற்காலி, ஜன்னல் கம்பி, டி.வி. முதுகு என்று எங்கே பார்த்தாலும் ஈரத்துணி. அம்மா அடுக்களையில் இருந்தாள். நான் இருந்த இடத்திலிருந்தே, குரலை உயர்த்தாமல் சொன்னேன். "அம்மா, ராணி வருதா."

"எந்த ராணி, மேலத்தெரு ராணியா? ஐயையோ, வீடு கெடக்க கெடையப் பாரு!" கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்து நாற்காலியில் கிடந்த பாவாடைகளை அள்ள ஆரம்பித்தாள். "சொல்லுததுக்கு ஒரு நேரங்காலம் இல்லையா ஒனக்கு? எங்கன வருதா, தெரு முக்குலயா?"

"கோட்டைக்கு வருதாம்மா."

அம்மா நின்றாள். "எந்தக் கோட்டைக்கு? செங்கோட்டைக்கா? செங்கோட்டைக்குப் போறவளுக்கு நான் எதுக்குட்டி துணிய மடிக்கணும்?"

இதை அப்படியே, ஒரு சொல் மாற்றாமல், சான்று என்று தலைப்புப் போட்டுப் பதிவிட்டேன். தளத்தில் சிரிப்பு முகங்களாகக் குவிந்தன. பேரமைச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "குடும்பத்தினரின் சான்று ஏற்கப்படாது. நாளை மாலைக்குள் திருத்தவும்."

மறுநாள் நானும் ஜன்னத்தும் யானைப்பாலத்தில் நின்றோம். கீழே சிற்றாறு செம்மண் நிறத்தில் நுரைத்துக்கொண்டு போனது. குற்றாலத்துக்குப் போகிற வேன்களிலிருந்து தலையில் துண்டு கட்டிய ஆட்கள் எங்களைப் பார்த்துக் கத்திக்கொண்டு போனார்கள். நான் உண்மையிலேயே கலங்கிப்போயிருந்தேன். பேச்சி என் ஆள், அவளை என்ன செய்தாலும் பரவாயில்லை. ராணி ஜன்னத்துடையவள். உம்மாவின் ஏச்சுக்கு நடுவே, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, அவள் அந்த ராணியைக் கடல் தாண்டிக் கொண்டுவந்திருக்கிறாள்.

"மாத்திரட்டா ஜன்னத்? ஒரு சொல்லுதான? ஒன் ராணி பொழச்சுக்கிடுவா."

அவள் வாழைக்காய் பஜ்ஜியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். "கூட இன்னொரு வரியும் எழுதணும்லா? பிழைக்கு வருந்துகிறேன்னு?"

"ஆமா."

"என்ன பிழை?"

நான் பாலத்துச் சுவரில் படிந்திருந்த பாசியை நகத்தால் சுரண்டினேன்.

"இல்ல, சொல்லு. எங்க உம்மா பேசுததும் ஒங்கம்மா பேசுததும் பிழையாட்டி? ராணி செத்தா சாவட்டும். நீ மாத்துன, பொறவு ஒனக்கும் எனக்கும் பேச்சு கெடையாது, பாத்துக்கோ."

பஜ்ஜி முடிகிறவரை ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எண்ணெய்த் தாளைக் கசக்கிக்கொண்டே, "கதவத்தான அடச்சிருக்கான்? மலைய அடைக்கலல்லா?" என்றாள்.

விதிப்படி அவள் ஆளை அவள் ஆட்டலாம், என் ஆளை நான் ஆட்டலாம். அடுத்தவன் ஆளைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. அன்று சாயங்காலம் ஜன்னத்தின் பதிவு வந்தது. அடைத்த கதவின் முன்னால் ராணி நிற்கிறாள். மேற்கேயிருந்து காற்று அடிக்கிறது (அதைப் படித்ததும் கைதட்டினேன்). கதை தொடங்கியதிலிருந்து "அன்புடையீர்" என்றும் "அறிவீராக" என்றும் பேசிவந்த ராணி, முக்காட்டை விலக்கிவிட்டு அண்ணாந்து பார்க்கிறாள். "ஏட்டி பேச்சி! நான் வந்துட்டேன். இவனுவ கதவத் தொறக்க மாட்டேங்கானுவ. வேற பாதை இருக்கா?"

"மகாராணி எப்படி இவ்வாறு பேசலாம்?" என்று பேரமைச்சர் பாய்ந்து வந்தார். ஜன்னத் தயாராக இருந்தாள். "மூலக்கதையில் ராணி மலைநாட்டுக்காரி என்று எழுதியிருக்கிறது. மலைநாட்டுக்காரி வேறு எப்படிப் பேசுவாள்?" உண்மையிலேயே எழுதியிருந்தது.

என் முறை. நிறைய எழுத நினைத்து, கடைசியில் இவ்வளவுதான் எழுதினேன். பேச்சி பாறையிலிருந்து கையை நீட்டினாள். "இருக்கு. செருப்பக் கழத்திட்டு ஏறு. வழுக்கும்."

எதிரிப் படை வந்ததோ குதிரையில். குதிரை ஈரப் பாறையில் ஏறாது. ஒரு தடவை செண்பகாதேவி அருவிக்கு ஏறியவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். படையை நடத்துகிறவர் என்ன எழுதப்போகிறார் என்று எல்லாரும் காத்திருந்தோம். அவர் எதுவும் எழுதவில்லை. யாரும் மேற்கொண்டு எழுத முடியாதபடி அந்தக் கதையையே பூட்டிவிட்டார். பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி அறிவிப்பு வந்தது. தளத்தின் மொழி ஒழுங்கைக் குலைத்ததற்காக நீக்கப்பட்டீர்கள்.

அழுதேனா? ஆமாம், கொஞ்சம். அவமானத்தால் இல்லை, ஆத்திரத்தால். இனி அந்தப் பாறைமேல் போய் நிற்க முடியாதே என்று.

கோயம்புத்தூர்ப் பையனுக்கு என் மெயில் முகவரி எப்படியோ கிடைத்திருக்கிறது. அந்த வாரமே எழுதினான். "நான் வேணும்னு பண்ணலீங்க. நெசமாவே கேள்வின்னு நெனச்சுட்டனுங்க. எங்க ஊர்ப் பேச்சுல எழுதுனாலும் அவரு விடமாட்டாருங்க. கதவத் தொறந்துட்டா நீங்க மறுபடி வருவீங்களா?" வேண்டாம் தம்பி, நாங்க மேலே போயாச்சு என்று பதில் போட்டேன். அவன் எனக்கு அண்ணனாகக்கூட இருந்திருக்கலாம். அந்த ராஜ்யத்தில் யாருக்கும் வயது கிடையாது.

அந்த ஆட்டத்தைப் பற்றி எத்தனை பேர் எத்தனை விதமாகச் சொல்லிவிட்டார்கள்! வெட்டி வேலை என்றார்கள், இருந்த கண்ணையும் கெடுத்துக்கொண்டாள் என்றார்கள். ஓர் இன்டர்வியூவில் பொழுதுபோக்கு என்னவென்று கேட்டபோது இதைச் சொன்னேன். எதிரே இருந்தவர் பேனாவை மூடி வைத்தார். மூடட்டும். நான் வாதாடக் கற்றுக்கொண்டது அங்கேதான். அடுத்தவருக்கு இடம் விட்டு ஒரு வாக்கியத்தை நிறுத்தக் கற்றுக்கொண்டதும் அங்கேதான், அந்தக் கடைசிப் பாடத்துக்குக் கொடுத்த விலை கொஞ்சம் அதிகம் என்றாலும்.

இன்று இஸ்திரியைப் பாதியில் விட்டுவிட்டு அந்தத் தளத்தின் முகவரியை அடித்துப் பார்த்தேன். இந்தப் பெயர் விற்பனைக்கு என்று ஒரு பக்கம் வந்தது. கீழே ரம்மி விளம்பரம். தேடிப் பார்த்தேன், ஒரு மிச்சம் இல்லை. மதுரைக்காரரின் தளபதி இல்லை. ஒற்றர்கள் இல்லை. ஒரு பத்திக்கு ஒருநாள் முழுக்க எடுத்துக்கொண்டு எழுதின அத்தனை பேரும், அவர்களின் உண்மைப் பெயர் என்னவென்றே எனக்குத் தெரியாமல், எங்கோ போய்விட்டார்கள். வாளை ஓங்கியபடி நாள்கணக்கில் காத்து நிற்கிற பொறுமையும் இப்போது யாரிடமும் இல்லை. ரெண்டு நீல டிக் விழுந்து பதில் வரவில்லையென்றால் எனக்கே கோபம் வருகிறது.

ஜன்னத் இப்போது திருநெல்வேலியில் சட்டம் படிக்கிறாள். அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"என்னட்டி, கோட்டையே போச்சா?"

"போச்சு."

"உள்ள இருந்தவங்க?"

"எல்லாரும் போயாச்சு. பேரமைச்சரும் சேந்து."

"நல்லவேள, நம்மள முன்னாலயே வெளிய தள்ளுனான்." சிரித்தாள். அப்புறம் கேட்டாள். "நீ போட்ட அந்தப் பதிவு? அதுவுமா?"

அதுவும்தான். மேகமும் பாறையும் நான் செதுக்கின வரிகளும் அந்த "வருதா"வும், எல்லாம் போய்விட்டன. திருத்தப்படாமலே போய்விட்டன.